பெட்டிக்குள் இருக்கும் ஐந்து விநாடி யாருக்குச் சொந்தம்?

மன்னார்குடி வாசகர் ஒருவரின் கேள்வி, 2025 பிப்ரவரி 11

கார் மோதி ஏர்பேக் விரிந்தால், மோதுவதற்கு முன் எவ்வளவு வேகத்தில் வந்தோம், பிரேக்கை மிதித்தோமா, சீட் பெல்ட் போட்டிருந்தோமா என்பதெல்லாம் காருக்குள்ளேயே ஒரு பெட்டியில் பதிந்துவிடும் என்கிறார்கள். இன்சூரன்ஸ்காரர்கள் அதை எடுத்துப் பார்த்துவிட்டுப் பணம் தர மறுக்கலாம் என்றும் சொல்கிறார்கள். நம் பணத்தில் வாங்கிய காரில் நமக்குத் தெரியாமல் நம்மைப் பற்றி எழுதி வைக்க யார் அனுமதி கொடுத்தது? இது உண்மையா, வாட்ஸ்அப் வதந்தியா?

பிப்ரவரி 11, இரவு

உண்மைதான். மூன்று வாரங்களுக்கு முன் எனக்கே நடந்தது.

சாலியமங்கலத்திலிருந்து திருக்கருகாவூர் வழியாகப் பாபநாசத்துக்குப் பிற்பகல் மூன்றரை மணியளவில் என் சொந்தக் காரில் தனியாக வந்துகொண்டிருந்தேன். சம்பா அறுவடை தொடங்கியிருந்ததால் சாலையின் இடப்பக்கப் பாதியில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. வண்டி ஏறிவிடாதிருக்க ஓரத்தில் கருங்கல்லும் தென்னை மட்டையும் வைத்திருந்தார்கள். எதிரே மூட்டை ஏற்றி வந்த டிராக்டர் வலப்பக்க மண் ஓரத்தில் இறங்கி எனக்கு வழிவிட்டு நின்றது. நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்த பாட்டி ஒருவர் என்னைப் பார்க்காமல் பின்னோக்கி இரண்டடி எடுத்துவைத்துச் சாலைக்குள் வந்துவிட்டார். வலப்பக்கம் டிராக்டர் நின்றதால் பிரேக்கை முழுவதுமாக மிதித்து இடப்பக்கம் ஒடித்தேன். சக்கரங்கள் நெல்மேல் ஏறிய பிறகு வண்டி என் சொல்லைக் கேட்கவில்லை. வழுக்கிக்கொண்டே போய்ப் புளியமரத்தில் மோதி நின்றது. பாட்டிக்குக் கீறல்கூட இல்லை. ஏர்பேக் விரிந்ததில் எனக்கு மணிக்கட்டு வீங்கியது, அவ்வளவுதான்.

வண்டியைத் தஞ்சாவூருக்கு இழுத்துச் சென்றோம். சர்வீஸ் சென்டரில் நான்கு தாள்களில் கையெழுத்துக் கேட்டார்கள், போட்டேன். பத்து நாள் கழித்து இன்சூரன்ஸ் சர்வேயர் தொலைபேசியில் அழைத்து, "ஐம்பதுக்கு மேலே வந்திருக்கீங்களே சார், நெல்லு கிடக்கிறது தூரத்துலயே தெரிஞ்சிருக்குமே?" என்று கேட்டார். என் வேகத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. பாட்டிக்கோ டிராக்டர்காரருக்கோ அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. விசாரித்தபோதுதான், நான் கையெழுத்திட்ட நான்கு தாள்களில் ஒன்று, காரின் பதிவுகளை எடுத்துக்கொள்ள நான் அளித்த ஆங்கில ஒப்புதல் என்று தெரிந்தது.

கார் வாங்கிய நாளிலிருந்து நாம் போன இடம், பேசிய பேச்சு உட்பட எல்லாமே அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. உரிமையாளர் சம்மதம் இல்லாமல் எவரும், எக்காரணத்துக்காகவும் அதைத் திறக்கக் கூடாது என்பது என் கருத்து.

பிப்ரவரி 13

முந்தைய குறிப்பின் கடைசிப் பத்தியில் நான் எழுதியதில் பாதி தவறு. கோபத்தில் எழுதிவிட்டேன். அச்சத்தைப் பெரிதாக்கிவிடக் கூடாது என்பதால் திருத்தமாக எழுதுகிறேன்.

இந்தப் பதிவுக்கெனத் தனிப் பெட்டி கிடையாது. ஏர்பேக் எப்போது விரிய வேண்டும் என்று முடிவு செய்யும் கட்டுப்பாட்டு அலகு, பெரும்பாலான கார்களில் முன்னிருக்கைகளுக்கு நடுவே கியர் லீவரை ஒட்டிய பகுதியின் அடியில் இருக்கிறது. பதிவும் அதற்குள்ளேதான் நடக்கிறது. இனி நான் பெட்டி என்று எழுதுவது அந்த அலகைத்தான். வேகம், ஆக்சிலேட்டர் எவ்வளவு அழுத்தப்பட்டது, பிரேக் மிதிக்கப்பட்டதா, ஓட்டுநர் பெல்ட் போட்டிருந்தாரா போன்ற விவரங்கள் ஓடிக்கொண்டே இருக்கும். பழையதை அழித்துப் புதியது எழுதப்பட்டுக்கொண்டே வரும். மோதல் என்று அது கருதும் அளவுக்கு அதிர்ச்சி ஏற்பட்டால் மட்டும், அதற்கு முந்தைய சில விநாடிகளும் மோதலின்போது வேகம் குறைந்த விதமும் நிலையாகப் பதியும். அமெரிக்க விதியில் அந்த அளவு, 150 மில்லி விநாடிக்குள் மணிக்கு 8 கிலோமீட்டர் வேக மாற்றம். ஏர்பேக் விரிந்துவிட்டால் அந்தப் பதிவின் மேல் வேறெதுவும் எழுதப்படாதபடி பூட்டிக்கொள்ளும்.

ஆகவே அதில் பேச்சு கிடையாது, போன ஊர்களின் பட்டியலும் கிடையாது. இருப்பிடத்தையும் பயணத்தையும் நிறுவனத்துக்கு அனுப்புவது வேறொரு கருவி. சிம் அட்டையுடன் வரும் 'இணைய வசதியுள்ள' கார்களில் அது இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பியது என் பிழை. முதலாவது ஐந்து விநாடிச் சாட்சி. இரண்டாவது நாள்தோறும் எழுதப்படும் நாட்குறிப்பு. கவலைப்பட வேண்டிய விதமும் இரண்டுக்கும் வேறு.

என் காரின் கையேட்டில் இது பற்றி ஒரு பக்கம் இருக்கிறது. வாங்கி ஆறு ஆண்டுகள் கழித்து நேற்றுத்தான் அதைப் படித்தேன். உங்கள் கையேட்டிலும் ஏர்பேக் பற்றிய அத்தியாயத்தின் அருகில் தேடிப் பாருங்கள்.

பிப்ரவரி 14

அந்த அலகைக் கழற்றிவிடலாமா, அதன் பியூஸைப் பிடுங்கிவிடலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். அதைக் கழற்றினால் ஏர்பேக் விரியாது. அந்தப் புளியமரத்தை எண்ணிப் பார்த்துச் சொல்கிறேன்: பதிவு இருந்துவிட்டுப் போகட்டும், உயிர் முக்கியம். பதிவு நடக்கிறது என்பதை நான் எதிர்க்கவில்லை. அது யார் கைக்குப் போகிறது என்பதைப் பற்றியே பேசுகிறேன்.

பிப்ரவரி 19

ஐந்து நாட்களாக ஒரே சிந்தனை. அந்த ஐந்து விநாடியில் என்ன இருக்கிறது என்பதைவிட, என்ன இல்லை என்பதே என்னை உறுத்துகிறது.

மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் வண்டி ஐந்து விநாடியில் ஏறக்குறைய 83 மீட்டர் கடக்கும். என் ஊர்ச் சாலையில் அந்த 83 மீட்டருக்குள் எத்தனை இருக்கின்றன! காயும் நெல், அதைக் காக்கும் கல், வாய்க்கால் மதகின் மேடு, வண்டியைக் கண்டதும் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நிற்கும் ஆட்டுக்குட்டி, ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்குச் சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு ஊர்ந்து போகும் கதிர் அறுக்கும் இயந்திரம். இவற்றில் ஒன்றுகூடப் பெட்டிக்குத் தெரியாது. ஓட்டியவனின் காலைத்தான் அது பார்க்கிறது. அவன் கண் கண்டதை அது பார்ப்பதில்லை.

நெல்லைச் சாலையில் காயப்போடுகிறவர்கள்மேல் பழிபோட்டு ஒருவர் எழுதியிருந்தார். நான் அதை ஏற்கவில்லை. ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுக்க மாட்டார்கள். ஊருக்கு ஊர் இருந்த களங்கள் போதவில்லை. தை மாதப் பனியில் வயலில் போட்டால் காயாது. சூடேறிய தார்ச்சாலையை விட்டால் அந்தப் பாட்டிக்கு வேறு இடம் ஏது? அவர் அங்கே நின்றதற்கு ஒரு காரணம் இருந்தது, நான் ஒடித்ததற்கும் ஒரு காரணம் இருந்தது. இரண்டு காரணங்களும் விழுந்துபோய், 'ஐம்பதுக்கு மேல்' என்ற ஓர் எண் மட்டும் சர்வேயரின் மேசைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. பெட்டி காட்டும் வேகம் பெரும்பாலும் சக்கரம் சுழலும் வேகத்திலிருந்து கணக்கிடப்படுவது. சக்கரம் தரையைப் பிடித்துக்கொண்டிருக்கும் வரை அதுதான் வண்டியின் வேகம். மணலிலோ நெல்லிலோ சக்கரம் வழுக்கும்போது இரண்டும் வேறுவேறாகிவிடும். பிரேக் பற்றிய பதிவிலும் 'உண்டு', 'இல்லை' என்பதுதான் பெரும்பாலும் இருக்கும். எவ்வளவு அழுத்தி மிதித்தேன் என்பது அதில் வராது. அமெரிக்க விதியின்படி இந்த விவரங்கள் விநாடிக்கு இரண்டு முறை பதியப்பட்டால் போதும். 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு பதிவுகளுக்கு இடையே வண்டி 8 மீட்டருக்கு மேல் போயிருக்கும். அந்த 8 மீட்டரில் ஒரு பாட்டி சாலைக்குள் வந்து நிற்க முடியும்.

மார்ச் 2

வேறு நாடுகளில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டவர்களுக்கு, நான் படித்தவரை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 2004இலேயே இதற்கெனச் சட்டம் கொண்டுவந்தது. மத்திய அளவில் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2006இல் விதி வகுத்தது. 2012 செப்டம்பரிலிருந்து தயாராகும் கார்களுக்கு அது பொருந்தியது. பதிவு வசதி வைத்தே ஆக வேண்டும் என்று அந்த விதி சொல்லவில்லை. வைத்தால் குறைந்தது குறிப்பிட்ட 15 விவரங்கள் இருக்க வேண்டும், வசதி இருப்பதைக் கையேட்டில் சொல்ல வேண்டும் என்றது. பிறகு 2015இல் வந்த ஓட்டுநர் தனியுரிமைச் சட்டம், அந்தப் பதிவு காரின் உரிமையாளருக்கு அல்லது குத்தகைக்கு எடுத்தவருக்குச் சொந்தம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அவர் சம்மதம், நீதிமன்ற ஆணை, அவசர மருத்துவ உதவி, அடையாளம் நீக்கிய சாலைப் பாதுகாப்பு ஆய்வு போன்ற சில வழிகளில் மட்டுமே மற்றவர்கள் அதை எடுக்கலாம்.

ஐரோப்பிய ஒன்றியம் வேறு வழியில் போயிருக்கிறது. அங்கே 2022 ஜூலையிலிருந்து புதிய மாடல்களிலும், 2024 ஜூலையிலிருந்து விற்பனையாகும் எல்லாப் புதிய கார்களிலும் பதிவு வசதி கட்டாயம். ஆனால் எந்தத் தனிக் கார் என்று கண்டுபிடிக்க உதவும் அடையாள எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் பதிவில் இருக்கக் கூடாது. விபத்து ஏன் நடக்கிறது என்று ஆராய்வதற்குத்தான் பதிவே தவிர, ஓட்டியவரைப் பிடிப்பதற்கு அல்ல என்பது அந்த விதியின் நோக்கம்.

நம் நாட்டில் 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, தனியுரிமை அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. 2023 ஆகஸ்டில் எண்ம (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. விதிகள் இன்னும் வரைவாகவே இருக்கின்றன. கார்ப் பதிவு யாருக்குச் சொந்தம் என்று அமெரிக்கச் சட்டத்தில் இருப்பதுபோன்ற ஒரு வரி நம்மிடம் இல்லை. அந்த வரி வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

மார்ச் 3

விடுபட்டது ஒன்று. அமெரிக்க விதியின் ஐந்து விநாடி இனி இருபது விநாடியாகிறது. 2024 டிசம்பரில் இதற்கான ஆணையை வெளியிட்டிருக்கிறார்கள். விநாடிக்கு இரண்டு என்பதும் பத்தாகிறது. ஓட்டுநர் தரப்பில் பார்த்தால் இது ஊடுருவல் கூடுவதாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் விபத்தில் இருபது விநாடி பதிந்திருந்தால், நெல்லைக் கண்டு நான் வேகத்தைக் குறைத்தேனா இல்லையா என்பது தெரிந்திருக்கும். அரைகுறைச் சாட்சியைவிட முழுச் சாட்சி மேல்.

மார்ச் 23

திருவாரூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் என்னால் எதுவும் எழுத முடியவில்லை. அவருடைய தம்பி இருசக்கர வாகனத்தில் போகும்போது கார் மோதி இறந்திருக்கிறார். கார் ஓட்டியவர் முப்பதில் வந்ததாகச் சொன்னார். பார்த்தவர் யாரும் இல்லை. "பெட்டி அந்த ஆளுக்குச் சொந்தம்னா, அவரு திறக்க மாட்டேன்னு சொல்லிட்டா, என் தம்பிக்கு யாரு சார் சாட்சி?" என்று கேட்டிருக்கிறார்.

இந்தக் கேள்விக்கு முன் என் முதல் நாள் கருத்து நிற்காது. எக்காரணத்துக்காகவும் எவரும் திறக்கக் கூடாது என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். காரில் இருப்பவருக்குப் பெட்டி இருக்கிறது. நடந்து போகிறவருக்கும் சைக்கிளில் போகிறவருக்கும் அது இல்லை. இறந்தவரின் தரப்பில் பேச வேறெதுவும் இல்லாதபோது, என் தனியுரிமை என்று சொல்லி ஒருவர் அந்தச் சாட்சியைப் பூட்டி வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

அப்படியானால் நான் கேட்பது என்ன? உயிரிழப்போ காயமோ நேர்ந்த விபத்தில் காவல்துறையும் நீதிமன்றமும் முறையான ஆணையுடன் பெட்டியைத் திறக்கட்டும். திறக்கும்போது இரு தரப்பும் இருக்கட்டும். எடுத்ததன் பிரதி இரு தரப்புக்கும் போகட்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவைச் சாட்சியமாக வைக்கச் சான்றிதழ் கேட்கிறது; பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் எண்ணும் அந்தச் சான்றிதழில் வர வேண்டும். அந்த ஒழுங்கு இருக்கும் இடத்தில் பெட்டி பேசுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. சேதத்துக்குப் பணம் கொடுக்க வேண்டியவரே, நான் படிக்காத ஒரு தாளின் பலத்தில் தனியாகத் திறந்து, தனக்கு வேண்டிய ஓர் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, எனக்குப் பிரதிகூடக் கொடுக்காமல் இருப்பதில்தான் ஆட்சேபணை.

திருவாரூர் நண்பருக்கு: வழக்கு விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் இருக்கிறது என்கிறீர்கள். அந்தக் காரின் ஏர்பேக் அலகு இப்போது எங்கே இருக்கிறது என்று உங்கள் வழக்கறிஞரை உடனே கேட்கச் சொல்லுங்கள். கார் பழுதுபார்க்கப்பட்டிருந்தால் அலகை மாற்றியிருப்பார்கள்.

ஏப்ரல் 6

இதை எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். எழுதாமல் விட்டால் மேலே எழுதியதெல்லாம் பொய்யாகிவிடும்.

என்னிடம் வாடகைக்கு ஓடும் மஞ்சள் போர்டு கார்கள் இரண்டு உண்டு. 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் புதிய பயணியர் பொது வாகனங்களில் இருப்பிடம் காட்டும் கருவியும் அவசரப் பொத்தானும் வேண்டும் என்பது மத்திய விதி; ஆட்டோக்களுக்கு அதில் விலக்கு உண்டு. அது பயணிகளின், முக்கியமாகப் பெண்களின் பாதுகாப்புக்காக வந்தது. அதற்கு மேல் நானாக இன்னொரு ஜிபிஎஸ் கருவியையும் பொருத்தி, கைப்பேசியில் வண்டிகள் எங்கே நிற்கின்றன என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். டீசல் திருட்டு நடக்கிறது, சொல்லாமல் வாடகைக்கு ஓட்டுகிறார்கள் என்று மற்ற வண்டிக்காரர்கள் சொன்னதைக் கேட்டு நான்கு ஆண்டுகளுக்கு முன் பொருத்தியது.

போன வாரம் ஓட்டுநர் தம்பி, ஒரு குடும்பத்தைச் சுவாமிமலையில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது கும்பகோணத்தில் ஒரு தெருவில் நாற்பது நிமிடம் நின்றார். மாலையில் வந்ததும், "எங்கே நின்றாய் தம்பி?" என்று கேட்டேன். டீ குடித்ததாகச் சொன்னார். "நாற்பது நிமிடமா?" என்றேன்.

"அண்ணே, நான் எங்க நின்னேன்னு கேக்குறதுக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அப்புறம் எதுக்கு என்னையக் கேக்குறீங்க? நான் பொய் சொல்றேனான்னு பாக்கவா?"

என்னிடம் பதில் இல்லை. அவர் அங்கே எதற்காக நின்றார் என்பதைப் பிறகு அவரே சொன்னார். அவருடைய உடம்பு தொடர்பானது, வீட்டாருக்குக்கூடத் தெரியாதது. அதற்கு மேல் இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. சர்வேயர் என் வேகத்தைச் சொன்னபோது எனக்கு எப்படி இருந்ததோ, அப்படித்தான் அவருக்கு இருந்திருக்கும். என்னையாவது ஒரு தாளில் கையெழுத்து வாங்கிய பிறகு பார்த்தார்கள். அவரிடம் நான் அதையும் வாங்கவில்லை.

ஏப்ரல் 7

'வண்டி உங்களுடையது, பார்ப்பது உங்கள் உரிமை, இதில் வருந்த என்ன இருக்கிறது?' என்று நான்கு பேர் கேட்டிருக்கிறார்கள். வண்டி என்னுடையதுதான். அதில் உட்கார்ந்திருக்கும் மனிதரின் நாள் என்னுடையதில்லை. அமெரிக்கச் சட்டம் 'உரிமையாளருக்குச் சொந்தம்' என்று சொன்னதைப் போன மாதம் மெச்சி எழுதினேன். ஓட்டுகிறவரும் உரிமையாளரும் வேறுவேறாக இருக்கும்போது அந்த வரி ஓட்டுநரைக் காப்பாற்றாது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. நம் பக்கத்தில் மஞ்சள் போர்டு வண்டியை உரிமையாளரே ஓட்டுவது எத்தனை பேர்?

தம்பியும் நானும் உட்கார்ந்து ஒரு தாளில் தமிழில் எழுதிக்கொண்டோம். வாடகை ஓட்டம் தொடங்கியதிலிருந்து முடியும் வரை பார்க்கலாம். ஓட்டம் முடிந்த பிறகு வண்டி அவர் வீட்டில் நிற்கும்போது பார்க்கக் கூடாது. பழைய பயண விவரங்களை முப்பது நாளில் அழித்துவிட வேண்டும். சந்தேகம் வந்தால் பதிவைப் பார்ப்பதற்கு முன் அவரிடம் கேட்க வேண்டும். கடைசி நிபந்தனை அவர் சேர்க்கச் சொன்னது.

ஜூன் 15

ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது, குறுவை வேலை தொடங்கிவிட்டது. அதனால் இடையில் எழுத முடியவில்லை.

'எப்படி ஓட்டுகிறீர்களோ அதற்கேற்பப் பிரீமியம்' என்ற திட்டம் நல்லதுதானே, ஒழுங்காக ஓட்டுகிறவனுக்குச் சலுகைதானே என்று கேட்டவருக்கு இது பதில். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஜூலையில் சொந்தச் சேதக் காப்பீட்டுக்கு இத்தகைய திட்டங்களை அனுமதித்தது. எவ்வளவு தூரம் ஓட்டுகிறோம் என்பதை மட்டும் கணக்கிடும் திட்டத்தில் எனக்குக் குறை இல்லை. கிலோமீட்டர் என்பது எந்தச் சாலையிலும் கிலோமீட்டர்தான். எப்படி ஓட்டுகிறோம் என்பதை மதிப்பிடும் திட்டங்களில்தான் தயக்கம். திடீர் பிரேக்குக்கு அவற்றில் மதிப்பெண் குறையும். நான்கு வழிச் சாலையில் திடீர் பிரேக் என்பது கவனக்குறைவின் அடையாளமாக இருக்கலாம். அம்மாப்பேட்டைக்கும் நீடாமங்கலத்துக்கும் இடையே அறுவடைக் காலத்தில் ஒருவர் திடீரென்று பிரேக் போட்டார் என்றால், அவர் ஒரு மாட்டையோ மனிதரையோ காப்பாற்றியிருப்பதற்கே வாய்ப்பு அதிகம். நான் பிரேக்கை மிதிக்காமல் அந்தப் பாட்டியை இடித்திருந்தால்கூடப் பிரேக் மதிப்பெண் குறைந்திருக்காது!

வெளியில் போகும் தரவு எங்கே போய் முடியும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் கார்களின் இருப்பிடத்தையும் ஓட்டும் விதத்தையும், சில நேரம் மூன்று விநாடிக்கு ஒருமுறை என்ற அளவில் திரட்டி, வாடிக்கையாளருக்குச் சரியாகத் தெரிவிக்காமல் விற்றது என்று அந்நாட்டு வணிக ஆணையம் இந்த ஆண்டு ஜனவரியில் குற்றஞ்சாட்டியது. காப்பீட்டு நிறுவனங்கள் பிரீமியத்தை முடிவு செய்யப் பயன்படுத்தும் அறிக்கைகளுக்குள் அந்தத் தரவு போயிருக்கிறது. ஐந்து ஆண்டுகளுக்கு அப்படிக் கொடுக்கக் கூடாது என்பது ஆணையம் முன்வைத்த உத்தரவு. அதற்கு முன்பே, 2023 செப்டம்பரில், மொசில்லா அறக்கட்டளை 25 கார் நிறுவனங்களின் தனியுரிமைக் கொள்கைகளைப் படித்துப் பார்த்து ஒன்றுகூடத் தேறவில்லை என்று அறிவித்தது.

ஆகஸ்ட் 3

மூன்று கடிதங்கள் எழுதிய பிறகு, என் காரின் பதிவு மூன்று தாள்களாக என் கைக்கு வந்துவிட்டது. கிளைம் தொகை மே மாதமே வந்துவிட்டது. மது அருந்தி ஓட்டுவது, உரிமம் இல்லாமல் ஓட்டுவது போன்றவைதான் என் பாலிசியில் விலக்குகளாக அச்சிடப்பட்டிருந்தன, வேகம் அந்தப் பட்டியலில் இல்லை என்று எழுதிக் கேட்டதும் சர்வேயர் அதை விட்டுவிட்டார். ஆனாலும் பதிவு வேண்டும் என்று விடாமல் கேட்டேன்.

நான் நாற்பதில் வந்ததாகத்தான் இன்றுவரை நம்பிக்கொண்டிருந்தேன். ஐந்து விநாடிக்கு முன் 54 என்று இருக்கிறது. நெல் கிடக்கும் சாலையில் அது கூடுதல் வேகம்தான். சர்வேயர் கேட்டதில் நியாயம் இருந்தது. இதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் கடைசி இரண்டு விநாடியைப் பாருங்கள். இரண்டு விநாடிக்கு முன் 52, பிரேக் 'இல்லை'. ஒன்றரை விநாடிக்கு முன் 43, பிரேக் 'உண்டு'. ஒரு விநாடிக்கு முன் 26. அரை விநாடிக்கு முன் 31. மோதும்போது 29. பிரேக் 'உண்டு' என்றே இருக்கிறது, ஆக்சிலேட்டர் பூஜ்யம். அப்படியிருக்க 26 எப்படி 31 ஆகும்? பிரேக்கை மிதித்தபடி யாரும் வேகத்தைக் கூட்ட முடியாது. தாளை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு புரிந்தது. 26 என்பது வண்டியின் வேகம் இல்லை. நெல்லின்மேல் வழுக்கிய சக்கரத்தின் வேகம். நெல்லைத் தாண்டி ஓர மண்ணில் இறங்கியதும் சக்கரத்துக்குப் பிடிப்புக் கிடைத்து, வண்டியின் உண்மையான வேகத்துக்குத் திரும்பிவிட்டது.

பெட்டிக்கு நெல் தெரியாது என்று பிப்ரவரி 19 அன்று எழுதினேன். தவறு. அந்த 26இல் நெல் இருக்கிறது. அங்கே இருந்தவன் பார்த்தால்தான் அது நெல் என்று தெரியும். சர்வேயர் பார்த்தபோது அவர் கண்ணுக்கு 54 மட்டும்தான் பட்டது. பதிவின் பிரதி ஓட்டுநருக்குக் கட்டாயம் போக வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் என்னிடம் இல்லை.

நவம்பர் 20

சென்ற வாரம் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் வெளியாகிவிட்டன. சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது; ஒப்புதல் பற்றிய பிரிவுகளுக்குப் பதினெட்டு மாதம் பொறுக்க வேண்டும். அவை வந்த பிறகு, ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்புச் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பை நமக்குத் தர வேண்டும். தமிழ் அதில் இருக்கிறது. எந்தத் தரவு, எந்த நோக்கத்துக்காக என்று அதில் தெளிவாகச் சொல்ல வேண்டும். தேவைக்கு மேல் எடுக்கக் கூடாது. ஆனால் 17ஆம் பிரிவில், சட்டப்படியான உரிமையையோ கோரிக்கையையோ நிலைநாட்டத் தேவைப்படும் தரவுக்கு விலக்கு இருக்கிறது. காப்பீட்டு நிறுவனங்கள் அந்த வாசல் வழியாக வரலாம். வழக்கறிஞர்கள் எவராவது இதைப் படித்தால் உங்கள் கருத்தை எழுதுங்கள்.

இன்னொரு செய்தி. என் காரில் அலகை மாற்றியபோது பழையது எங்கே போனது என்று மார்ச் மாதத்திலேயே யோசித்திருக்க வேண்டும். திருவாரூர் நண்பருக்குச் சொன்னவன் எனக்காகக் கேட்கவில்லை. நேற்றுத் தஞ்சாவூர் போய்க் கேட்டேன். மாற்றிய பாகங்கள் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் சேதப் பொருள் கணக்கில் சேரும், அவர்கள் எடுத்துப் போகும் வரை இங்கேதான் கிடக்கும் என்றார் ஸ்டோரில் இருந்தவர். பின்பக்க அறையில், உடைந்த விளக்குகளுக்கும் பம்பர்களுக்கும் நடுவே ஓர் அட்டைப் பெட்டியைக் காட்டினார். அதில் உள்ளங்கை அகல அலுமினிய அலகுகள் ஏழோ எட்டோ கிடந்தன. யாருடைய கார் என்று எதிலும் எழுதவில்லை. என் தாளில் இருந்த வரிசை எண்ணை வைத்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன்; நான்காவதாக எடுத்தது என்னுடையது.

நிறுவனத்துக்கு எழுதி அனுமதி வாங்கிவந்தால் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கடிதத்தை இன்று காலை தபாலில் சேர்த்துவிட்டேன். மற்றவை அங்கேயே இருக்கின்றன. கடந்த ஓராண்டில் ஏர்பேக் விரிந்து தஞ்சாவூரில் வண்டியைப் பழுது பார்த்தவர்கள், உங்கள் பழைய அலகைப் பற்றிப் போய்க் கேளுங்கள். ஸ்டோர்க்காரர் பொறுமையாகக் காட்டுகிறார்.